நவீன மாயப்புனைவு கேம்பெய்னுக்குக் களம் தேர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுவதுதான் டேபிள்டாப் ஆட்டம். வாள், கோட்டை, டிராகன் என்று சில காலம் ஆடிய டேபிள்டாப் குழுக்களில் யாராவது ஒருவர், "இன்றைய காலத்தில், ஒரு நகரத்துக்குள் நடப்பது மாதிரி ஆடலாமா?" என்று கேட்பார். மற்றவர்களும் உற்சாகமாகிவிடுவார்கள். எந்த விளையாட்டு, எந்த ஊர், எவ்வளவு மாயம் என்பதெல்லாம் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரின் தலையில் வந்து விழும். பல முறை கூடித் தொடர்ந்து ஆடும் ஒரு கதைக்குக் கேம்பெய்ன் என்று பெயர்; அதை நடத்தப்போகும் அவருக்காகத்தான் இந்தப் பக்கம். ஆட்டக்காரர்கள் படித்தாலும் பயன்படும்.

நவீன மாயப்புனைவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

நாம் வாழும் உலகம், ஏறக்குறைய நம் காலம், அதற்குள் மாயம். மந்திரம் தெரிந்தவளுக்கும் கரண்ட் பில் வரும். பௌர்ணமியன்று ஓநாயாக மாறுகிறவனும் மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போயாக வேண்டும். 1991-ல் வந்த, ரத்தக்காட்டேரிகளாக ஆடும் 'வேம்பயர்: த மாஸ்கரேட்' இந்த வகைக்குப் பெரிய வாசகர் கூட்டத்தையும் ஆட்டக்காரர் கூட்டத்தையும் கொண்டுவந்தது. 1989-லேயே 'ஷேடோரன்' வந்துவிட்டது. அதன் கதை 2050-ல் தொடங்குகிறது என்றாலும், பெருநிறுவனம், வாடகை, அடையாள எண் என்று அதன் கவலைகளெல்லாம் நம்முடையவை. ஆகவே அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நிறைய விளையாட்டுகள் இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

பெரும்பாலோர் பூதங்களிலிருந்து தொடங்குகிறார்கள். ரத்தக்காட்டேரியா, ஓநாய் மனிதனா, பேயா என்று பேசிப் பேசி ஒரு புத்தகத்தை வாங்கிவிடுவார்கள். நான்கைந்து செஷன் (ஒருமுறை கூடி ஆடுவது ஒரு செஷன்) கழித்துப் பார்த்தால், பாத்திரங்கள் ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிறார்கள், பகலில் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கவசத்துக்குப் பதில் ஜீன்ஸ், வாளுக்குப் பதில் துப்பாக்கி. பழைய ஆட்டமேதான்.

என் பரிந்துரை: பாத்திரங்களின் சாதாரண வாழ்க்கையிலிருந்து தொடங்குங்கள். மாயத்தோடு சம்பந்தமில்லாத எதை இழக்க அவர்கள் அஞ்சுகிறார்கள்? வேலையா, குழந்தையா, ஊரில் உள்ள பெயரா, மனிதனாக இருப்பதா? ஆட்டக்காரர்கள் எல்லோரும் இதற்குப் பதில் சொன்ன பிறகு, அந்த இழப்பை விதிகளுக்குள் வைத்திருக்கும் விளையாட்டைத் தேடுங்கள். நவீன மாயப்புனைவுக்கு இழுவை அங்கிருந்துதான் வருகிறது. சாதாரண வாழ்க்கை பொருட்டே இல்லை என்றால் கதை இந்தக் காலத்தில் நடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இழப்பை விதிகளுக்குள் வைப்பது என்றால் என்ன?

'டெல்டா கிரீன்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1997-ல் 'கால் ஆஃப் கதுல்ஹு' என்ற திகில் விளையாட்டுக்குத் துணைநூலாக வந்து, 2016-ல் தனி விளையாட்டாக ஆனது. பாத்திரங்கள் அமெரிக்க அரசு ஏஜென்ட்டுகள்; அமானுஷ்யத்தை ரகசியமாக அழிப்பது அவர்கள் வேலை. பாத்திரத்தின் விவரங்களை எழுதும் ஒவ்வொருவரின் தாளிலும் மனைவி, மகள், பழைய நண்பர் என்று சில பந்தங்கள் எழுதப்பட்டிருக்கும், பக்கத்தில் ஒரு எண்ணோடு. பார்க்கக்கூடாததைப் பார்த்து மனம் உடையும்போது, அந்த அடியில் கொஞ்சத்தை ஒரு பந்தத்தின் மேல் தள்ளிவிடலாம். நீங்கள் தப்பிப்பீர்கள், பந்தத்தின் எண் இறங்கும். அடுத்து வீட்டுக் காட்சி வரும்போது அந்த இறங்கிய எண்ணை நடித்துக் காட்ட வேண்டும். அந்தக் காட்சிகளில் மேசை அமைதியாகிவிடுவதை எங்கும் பார்க்கலாம்.

2010-ல் வந்த 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' வேறு வழியில் போகிறது. 'ஃபேட்' என்ற விதித்தொகுப்பில் இயங்கும் அந்த விளையாட்டில் 'ரிஃப்ரெஷ்' என்று ஒரு கையிருப்பு உண்டு. அதைக் கொடுத்துத்தான் மந்திர சக்திகளை வாங்க வேண்டும். கையிருப்பு பூஜ்யமானால் பாத்திரம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். தன் இயல்பை மீறித் தானாக முடிவெடுக்கும் சுதந்திரம் அதற்கு இல்லை என்று பொருள். எந்தச் சக்தியும் வாங்காத சாதாரண மனிதருக்கோ கூடுதலாக இரண்டு கிடைக்கும். மனிதனாக இருப்பதற்கு விதியே மரியாதை தருகிறது.

'சிட்டி ஆஃப் மிஸ்ட்' ஆட்டத்தில் பாத்திரம் நான்கு அட்டைகளால் ஆனது. சில அட்டைகள் உள்ளே விழித்த தொன்மத்தைச் சொல்லும், மற்றவை அன்றாட வாழ்க்கையை. ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் அது மங்கி மறைந்து, அந்த இடத்தில் மறுபக்கத்து அட்டை வந்து உட்காரும். வேம்பயரின் 2018 பதிப்பில் ஒவ்வொரு காட்டேரிக்கும் உயிரோடிருக்கும் மனிதர்கள் சிலர் நெஞ்சுக்கு நெருக்கமானவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆனால் காட்டேரியிடம் மிச்சமிருக்கும் மனிதத்தன்மை அடிவாங்கும். ஷேடோரனில் எல்லோருக்கும் 'எசன்ஸ்' ஆறு. உடம்பில் இயந்திரம் பொருத்தப் பொருத்த அது குறையும், மந்திர வலிமையும் கூடவே குறையும். மாத வாழ்க்கைச் செலவுக்கும் அங்கே தனியாகக் கணக்கு உண்டு. அதைப் பல குழுக்கள் சலிப்பு என்று தவிர்க்கின்றன. தவிர்க்காதீர்கள். அடுத்த மாத வாடகைதான் ஷேடோரன் பாத்திரங்களை ஆபத்தான வேலைகளுக்குத் தள்ளுகிறது.

'அன்னோன் ஆர்மீஸ்' (1998) பற்றி ஒரு வார்த்தை. அங்கே மந்திரம் ஒரு வெறியிலிருந்து பிறக்கிறது, வெறிக்கு ஒரு விலக்கும் உண்டு. பணம் சேர்த்துச் சக்தி பெறுகிறவன் பெரிய தொகையைச் செலவழித்தால் சேர்த்த சக்தி முழுவதும் போய்விடும். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவை அவன் எப்படிக் கட்டுவான் என்று யோசித்தாலே ஒரு செஷன் தயார்.

எல்லோரும் புதியவர்கள். எதில் தொடங்கலாம்?

'மான்ஸ்டர் ஆஃப் த வீக்'. இரண்டு ஆறுமுகப் பகடைகள் போதும். கூட்டுத்தொகை பத்து அல்லது மேலே வந்தால் நினைத்தது நடக்கும். ஏழிலிருந்து ஒன்பது வரை வந்தால் நடக்கும், ஆனால் ஏதோ ஒரு விலையோடு. அதற்குக் கீழே என்றால் சிக்கல். பெரும்பாலும் ஒரு செஷனுக்கு ஒரு மர்மம், அதன் பின்னால் ஒரு பூதம். யாரும் தடுக்காவிட்டால் அந்தப் பூதம் அடுத்தடுத்து என்ன செய்யும் என்று கேம் மாஸ்டர் முன்கூட்டியே ஆறு படிகளில் எழுதிவைப்பார். இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்வதற்காகவே அனுபவசாலிகளும் அதை ஒருமுறை நடத்திப் பார்க்கலாம்.

மாயம் ஒளிந்திருக்க வேண்டுமா, ஊரறிய இருக்க வேண்டுமா?

ஒளிந்த மாயம் பதற்றத்தைத் தரும், ஊரறிந்த மாயம் அரசியலைத் தரும். வேம்பயரில் காட்டேரிகளின் முதல் சட்டமே தங்கள் இருப்பை மனிதர்களிடமிருந்து மறைப்பதுதான். அந்தச் சட்டத்தை மீறும் பயம் ஒன்றே பல மாதக் கதையை ஓட்டும். ஷேடோரனில் 2011-ன் கடைசியில் மாயம் உலகத்துக்குத் திரும்பிவிட்டது. எல்ஃப், ஓர்க் போன்ற மாயக்கதை இனத்தார் பக்கத்து வீட்டில் வசிக்கிறார்கள், ஒரு டிராகன் தேர்தலில் நின்று அதிபராகவே ஆனது. அங்கே கேள்வி யாருக்குத் தெரியும் என்பதல்ல, யார் கையில் இருக்கிறது என்பது.

இரண்டுக்கும் நடுவில் நிற்க நினைப்பவர்கள் ஒன்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: ரகசியம் வெளியே வந்தால் அதை யார் வந்து மூடிமறைப்பார்கள்? பதில் இல்லாத ரகசியம் சீக்கிரம் நம்பமுடியாததாகிவிடும்.

எல்லோர் கையிலும் போன், தெருவெங்கும் சிசிடிவி. மர்மம் எப்படி நிற்கும்?

சிக்னலை ஒவ்வொரு முறையும் அறுத்துவிடுவதுதான் கேம் மாஸ்டர்கள் முதலில் செய்வது. ஓரிரு முறைக்கு மேல் அது எடுபடாது, ஆட்டக்காரர்களுக்கும் எரிச்சல் வரும். போனை அவர்களிடமே விட்டுவிடுங்கள். போன் தகவல் தரும், பொருள் தராது. அழைத்தது எந்த எண் என்று தெரியும். இறந்து மூன்று மாதமான ஒருவரின் எண்ணிலிருந்து ஏன் அழைப்பு வந்தது என்று தெரியாது.

சிசிடிவி பதிவுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. நகைக்கடைக்காரர், அபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளர், வங்கி மேனேஜர் என்று யாரோ ஒருவரிடம் போய் நயமாகப் பேசி வாங்க வேண்டும். அங்கே ஒரு காட்சி பிறக்கிறது. வீடியோ கிடைத்தாலும், எதையும் கம்ப்யூட்டரில் உருவாக்கிவிட முடிகிற இந்தக் காலத்தில் அதை யார் நம்புவார்கள்? பத்தாண்டுகளுக்கு முன்னால் ரகசியம் காப்பது கேம் மாஸ்டருக்குக் கடினமாக இருந்தது. இன்று உண்மையை நிரூபிப்பதுதான் பாத்திரங்களுக்குக் கடினம். கதைக்கு இது இன்னும் நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது: போன் பாத்திரங்களையும் காட்டிக்கொடுக்கும். லொகேஷன் பகிர்ந்துவைத்திருக்கும் மனைவி, ஜிபேயில் பதிவான டீக்கடைப் பணம், நடுராத்திரியில் "எங்கேடா இருக்கே?" என்று வரும் அம்மாவின் வாய்ஸ் மெசேஜ். இவற்றைப் பயன்படுத்துங்கள்.

போலீஸ், துப்பாக்கி?

களம் எந்த நாடோ அந்த நாட்டுச் சட்டப்படி. அமெரிக்க விளையாட்டுகளில் துப்பாக்கி எளிதாகக் கிடைக்கும். அதே கதையை இந்தியாவிலோ பிரிட்டனிலோ வைத்தால் ஒரு துப்பாக்கி வெடிப்பதே பெரிய நிகழ்ச்சி. சண்டையை அதற்கேற்ப அரிதாக்குங்கள்.

புத்தகங்கள் சிகாகோ, சியாட்டில் என்று பேசுகின்றன. சென்னையில் நடத்தலாமா?

தாராளமாக. டிரெஸ்டன் ஃபைல்ஸில் குழுவே உட்கார்ந்து தங்கள் நகரத்தை உருவாக்குவதற்கான வழிமுறை இருக்கிறது. அந்த விளையாட்டுக்கு அடிப்படையான நாவல்கள் சிகாகோவில் நடப்பவை. ஆனால் விளையாட்டுப் புத்தகம் மாதிரிக்கு எடுத்துக்காட்டுவது பால்டிமோரை. நகரத்தின் தீராத பிரச்சினைகள் என்ன, வரப்போகும் ஆபத்து என்ன, ஒவ்வோர் இடத்துக்கும் முகமாக இருக்கும் ஆள் யார் என்று எல்லோரும் சேர்ந்து எழுதுவார்கள். வேறு விளையாட்டை ஆடினாலும் இந்த ஒரு பகுதியைக் கடன் வாங்குங்கள்.

ஆனால் இடப்பெயர்களை மாற்றினால் மட்டும் போதாது. அந்த விளையாட்டுகளின் ரகசியம் ஒரு குறிப்பிட்ட சமூகத்தை நம்பி நிற்கிறது. அங்கே அடுத்த வீட்டில் யார் என்று யாரும் கேட்பதில்லை, பேயை நம்புவதாக யாரும் வெளியே சொல்வதில்லை. சென்னையில் இரண்டுமே தலைகீழ். வாடகைக்கு வீடு தேடும் காட்டேரியிடம் ஹவுஸ் ஓனர் சொந்த ஊர், வேலை, கல்யாணம், சைவமா அசைவமா என்று எல்லாம் கேட்பார். பகலெல்லாம் கதவு திறக்கவில்லை என்பதை வாட்ச்மேன் கவனிப்பார், வீட்டு வேலைக்கு வரும் அக்கா அடுப்பே பற்றவைக்கப்படவில்லை என்பதைக் கவனிப்பார். தனியாக இருப்பதே இங்கே சந்தேகத்துக்குரியது. அந்தக் காட்டேரி பிழைக்க ஒரு போலிக் குடும்பத்தையே கட்டியெழுப்ப வேண்டியிருக்கும். சிகாகோவில் அந்தக் கதை இப்படி வராது.

நம்பிக்கையும் அப்படித்தான். கடை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகிற ஊரில், கட்டடத்துக்குத் திருஷ்டிப் பூசணி கட்டுகிற ஊரில், மாயத்தை யாருமே நம்பமாட்டார்கள் என்று சொல்லிக் கதையைத் தொடங்க முடியாது. பாதிப் பேர் நம்புவார்கள், ஆனால் வேறு விளக்கத்தோடு நம்புவார்கள். இங்கே ரகசியம் தவறான விளக்கங்களின் நடுவில் ஒளிந்திருக்கும். எதிர்ப்பக்கமும் இந்த மண்ணிலேயே வலுவாக இருக்கிறது. 1925-ல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் மரபில் வளர்ந்த ஒரு பகுத்தறிவாளரைப் பாத்திரமாக்கிப் பாருங்கள். கண்முன்னே நடப்பதை அவர் மறுக்க மாட்டார். அதை வைத்து யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று கேட்பார். எந்தக் குழுவுக்கும் அப்படி ஒருவர் தேவை.

இடங்களுக்குப் பஞ்சமில்லை. பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில், அதன் பாதி காலியான பெரிய நிலையங்கள். 1882-லிருந்து அடையாற்றில் இருக்கும் தியசாபிகல் சொசைட்டியும் அதன் ஆலமரமும். மெட்ரோவுக்காகத் தோண்டப்பட்ட மண். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் தான் பழகிய பழைய வழியைத் தேடிப்போன தெருக்கள். அந்த வெள்ளத்தில் உயிரும் வீடும் இழந்தவர்கள் உண்டு என்பதால், அதைத் தொடும் முன் மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி ஆடும்போது நம் தெய்வங்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், எதிரியாக வேண்டாம். ஐயனாரும் முனீஸ்வரனும் யாரோ ஒருவரின் குலதெய்வம். அந்த ஒருவர் உங்கள் மேசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். தெய்வத்துக்குத் தாக்குதல் எண்ணும் உயிர்ப்புள்ளியும் எழுதி வைப்பது அவரைப் புண்படுத்தும். ஆட்டத்துக்கும் அதனால் லாபமில்லை.

தெய்வத்தைக் காட்டுவதைவிட, அதனோடு மனிதர்கள் வைத்திருக்கும் உறவைக் காட்டுங்கள். சென்ட்ரல் பக்கம் பல்லவன் சாலையில் பாடிகார்டு முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. புது வண்டி வாங்கியவர்கள் அங்கே கொண்டுபோய்ப் பூஜை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைத்து ஏற்றிவிட்டுத்தான் ஓட்டத் தொடங்குகிறார்கள். ஒரு காவல் தெய்வமும் ஷோரூமிலிருந்து நேராக வந்த பைக்கும் ஒரே வாசலில். நவீன மாயப்புனைவு என்ற வகை தேடுவது இந்தக் காட்சியைத்தான், அது நம்மிடம் கற்பனையின் உதவியில்லாமலே இருக்கிறது. வண்டிக்குப் பூஜை போட்ட பாத்திரத்துக்கு ஒரு கடமை உண்டு, ஒரு பாதுகாப்பும் உண்டு. தெய்வம் நேரில் தோன்ற வேண்டியதே இல்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள் எல்லோருக்கும் தெரியும். அதையே வைத்துக்கொள்ளலாமா?

முடியும். வாளும் டிராகனுமாக ஆடும் அந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனமே 2002-ல் 'டி20 மாடர்ன்' என்று இன்றைய காலத்துக்கான விதிநூலையும், 2003-ல் 'அர்பன் ஆர்கானா' என்ற மாயக் களத்தையும் வெளியிட்டது. ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த விதிகளின் இயல்பு, பாத்திரம் லெவல் ஏற ஏற உலகம் அதற்குச் சிறிதாகிக்கொண்டே போவது. பத்தாவது லெவலில் ஒரு சப்-இன்ஸ்பெக்டரைக் கண்டு யார் பயப்படுவார்கள்? அந்தப் பயம் போனால் இந்த வகையில் மிச்சம் இருப்பது குறைவு. புது விதி கற்க வேண்டுமே என்று தயங்கினால், மேலே சொன்ன மான்ஸ்டர் ஆஃப் த வீக்கை அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

ஒருவருக்குக் காட்டேரி, ஒருவருக்கு மந்திரவாதி, ஒருவருக்குச் சாதாரண மனிதர். ஒரே ஆட்டத்தில் முடியுமா?

வேம்பயர் (1991), ஓநாய் மனிதர்களுக்கான வேர்வுல்ஃப் (1992), மந்திரவாதிகளுக்கான மேஜ் (1993) மூன்றும் ஒரே இருண்ட கற்பனை உலகத்தைச் சேர்ந்தவை என்றாலும், மூன்றும் தனித்தனி விளையாட்டுகள். ஒன்றாகக் கலந்தால் ஆளுக்கொரு திசையில் இழுக்கும், பலமும் சமமாக இருக்காது. கலப்புக் குழுவுக்கென்றே எழுதப்பட்டது 2015-ல் வந்த 'அர்பன் ஷேடோஸ்'. நகரத்தில் நான்கு தரப்புகள். யாரும் யாருக்கும் இலவசமாக எதுவும் செய்வதில்லை. செய்த உதவியெல்லாம் கடனாகத் தாளில் ஏறும், வேண்டிய நேரத்தில் அதைக் கேட்டு வாங்கலாம். "அன்னிக்கு நான் உனக்குச் செய்தேன்ல" என்ற பேச்சு நமக்கு நன்றாகப் பழக்கமானது என்பதால், தமிழில் ஆடும் குழுக்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

எதையெல்லாம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்?

கற்பனை நாட்டில் நடக்கும் கொடுமையைவிட, தெரிந்த தெருவில் நடக்கும் கொடுமை நெருக்கமாகத் தைக்கும். முதல் செஷனுக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு பட்டியல்கள்: ஆட்டத்தில் வரவே கூடாதவை, வரலாம் ஆனால் விரிவாகக் காட்டக்கூடாதவை. சாதி, பாலியல் வன்முறை, தற்கொலை, குழந்தைகளுக்கு ஆகும் தீங்கு, மதக்கலவரம் ஆகியவற்றை நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். யாராவது எடுப்பார்கள் என்று காத்திருந்தால் எடுக்க மாட்டார்கள். ஆட்டத்தின் நடுவில் தொட்டால் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிடும் 'எக்ஸ்' அட்டை ஒன்றையும் மேசையில் வையுங்கள். தொட்டவரிடம் காரணம் கேட்கக் கூடாது.

எவ்வளவு நாள் ஓட்டலாம்?

எட்டுப் பத்து செஷன்களில் முடியும் கதையாகத் திட்டமிடுங்கள். நன்றாகப் போனால் நீட்டிக்கலாம்.

குழு ஒரே முடிவுக்கு வரவில்லை. என்ன செய்வது?

வாக்கெடுப்பு வேண்டாம். தோற்ற இரண்டு பேர் அரைமனதோடு வருவார்கள், மழை பெய்யும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வராமலே போவார்கள். இரண்டு விளையாட்டுகளைத் தேர்ந்து ஒவ்வொன்றையும் ஒரே ஒரு செஷன் நடத்திப் பாருங்கள். பாத்திரங்களை நீங்களே தயாரித்துக் கொடுத்துவிடுங்கள். முடிந்ததும் எது பிடித்தது என்று கேட்காதீர்கள்; அந்தப் பாத்திரம் நாளைக் காலை என்ன செய்துகொண்டிருக்கும் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். எந்த ஆட்டத்துக்கு உடனே பதில் வருகிறதோ, "அவ அண்ணன்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பஸ் ஸ்டாப்ல நின்னுட்டிருப்பா" என்கிற மாதிரி, அதை எடுத்துக்கொண்டு அடுத்த வாரத்துக்கு நாள் குறியுங்கள்.